இந்தப் பருவத்தில் எங்கள் பிள்ளைகள் என்ன படிக்கப் போகிறார்கள்? ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்

கொங்கு வட்டாரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும்,

வணக்கமுங்க.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மூன்றாம் பருவப் புத்தகம் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். மார்கழிக் கடைசியில் தொடங்கி, தை தாண்டி, மாசியில் வெயில் ஏறி, பங்குனி நோம்பியெல்லாம் தாண்டி, ஏப்ரல் தேர்வு வரைக்கும் ஓடுகிற பருவம் இது. இந்தக் கோடைப் பருவத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் எங்கள் பிள்ளைகள் என்னென்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள் என்பதை ஒரே ஒரு தாளில், ஒரு பக்கத்துக்கு மிகாமல், எங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதி, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்கு வீடு கொடுத்துவிடுங்கள். கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்வதற்குத்தான் மீதி மடல்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காங்கயம் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயரும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வண்டி வருவதற்குள் பிள்ளையைக் கிளப்பிவிட வேண்டும் என்பதால், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தபோது பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. இப்போது எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் எந்தக் கிழமை பொங்கல், எந்தக் கிழமை கிச்சடி என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். சாம்பார் தண்ணியாக இருந்தால் அன்று சாயங்காலமே பேச்சு ஓடும். சரி, அதே பிள்ளை இந்த மாதம் கணக்கில் என்ன படிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. சோற்றைப் பற்றிச் சொன்ன பள்ளிக்கூடம் பாடத்தைப் பற்றி எங்களிடம் சொல்லவே இல்லை.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் பதில். காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் வந்து நிற்கும் மஞ்சள் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஏறுகிற பிள்ளைகளின் பெற்றோரிடம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், டீச்சர் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. "சும்மா ஆடிப் பாடிட்டு வருதுங்க, நோட்டுல ஒண்ணுமே இல்லீங்க" என்பார்கள். நோட்டு நிறைந்தால்தான் படிப்பு என்பது எங்கள் சீமையில் ஊறிப்போன எண்ணம். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குக்காகவே பிள்ளைகளை விடுதியில் அடைத்துப் படிக்க வைக்கும் பிராய்லர் பள்ளிகளுக்குப் பேர்போன ஊர்கள் நம்முடையவை. அந்த மார்க் கணக்கு இறங்கி இறங்கி இப்போது எல்கேஜி வரைக்கும் வந்துவிட்டது. நாலு வயதுக் குழந்தை நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக ஏபிசிடி எழுதுவதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, உங்கள் வகுப்பில் நடப்பது விளையாட்டாகத்தான் தெரியும். தெரியாதவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்.

உள்ளே நடப்பது சாதாரணக் காரியம் இல்லை என்பது குழுக் கூட்டத்துக்குப் போய் டீச்சரிடம் கேட்டதில் எனக்குத் தெரிந்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கைவிட்டுப் போனதைச் சரிசெய்யத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் சேர்த்து. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையில்லாமல் வாசிக்கவும், பொருள் புரிந்துகொள்ளவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது நோக்கம். ஆசிரியருக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் கையேடு வருகிறது, பயிற்சி நடக்கிறது. பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம் வருகிறது. வகுப்புக்குள்ளேயே கதைக்கு ஒரு மூலை, பாட்டுக்கு ஒரு மூலை, படிக்க ஒரு மூலை. இவ்வளவும் வகுப்பறை வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து சேருவது "பாட்டுப் பாடினோம்" என்ற ஒரு சொல் மட்டும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் திண்ணையைச் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தாள். முழங்கால் போட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து விரித்து வைத்து, வாய்விட்டு எண்ணி, கடைசியில் ஒரு எண் சொன்னாள். அப்புறம் அவள் அப்பத்தாவையும் அளக்கச் சொன்னாள். என் அத்தை வேண்டா வெறுப்பாக அளந்தார். அவருக்குக் கணக்குக் குறைவாக வந்தது. "அப்பத்தா, நீ தப்பா அளக்கற" என்று இவள் சண்டை. அத்தை என்னைப் பார்த்து, "இதைச் சொல்லிக் குடுக்கறதுக்கா பள்ளிக்கூடம்? திண்ணைய அளந்து என்னத்தைக் கண்டுச்சாமா இது?" என்றார். அந்த வாரம் டீச்சரைக் கூட்டத்தில் பார்த்தபோது இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அந்தச் சண்டை வரணும்னுதாங்க அளக்கச் சொன்னது" என்றார். ஆளுக்கொரு சாண், ஆளுக்கொரு எண் என்று பிள்ளை தானே முட்டி மோதித் தெரிந்துகொண்டால்தான், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அளவு எதற்கு என்பது மண்டையில் ஏறும், மீட்டர் அளவுகோல் கையில் வரும்போது அது வெறும் குச்சியாக இருக்காது என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பூக்காரி கை எப்படி, தன் கை எப்படி, முழம் போடும்போது யார் எங்கே இழுப்பார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். பேத்தி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது முழு கணக்கு வகுப்பு.

டீச்சர் சொன்ன அந்த விளக்கம் மூன்றே மூன்று வரிதான். அதுதான் எங்களுக்கு வேண்டியது. 'இந்தப் பருவத்தில் பிள்ளைகள் சாண், முழம், காலடியால் அளப்பார்கள். வீட்டிலும் அளக்க விடுங்கள். விடை மாறி வந்தால் திட்டாதீர்கள், ஏன் மாறியது என்று கேளுங்கள்.' இப்படி எழுதி வந்திருந்தால் ஊரில் எத்தனை திண்ணை பாடமாகியிருக்கும்.

இதைவிட அவசரமான விஷயம் அரும்பு, மொட்டு, மலர். ஒன்றாம் வகுப்பு நிலையில் இருப்பவர் அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலை மொட்டு, மூன்றாம் வகுப்பு நிலை மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து, அவரவர் நிற்கிற இடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போவது முறை. நல்ல முறை. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லி ஒரு தாய்க்குத் தெரிந்தால் என்ன ஆகும்? எங்கள் ஊரில் ஆனது இதுதான்: "என் புள்ளைய ஒண்ணாங் கிளாசுல உக்கார வெச்சுட்டாங்க" என்று அழுதார். பிள்ளைக்கு அன்று இரவு அடி விழுந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க வராத பிள்ளையை அந்த இடத்திலிருந்தே பிடித்துத் தூக்கத்தான் இந்த ஏற்பாடு, இது பெயிலும் இல்லை, தண்டனையும் இல்லை, பருவம் நடுவிலேயே அடுத்த நிலைக்கு ஏறலாம் என்று பள்ளியிலிருந்து முன்கூட்டி ஒரு வார்த்தை போயிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. தாளில் வேறு எதற்கு இடமில்லாமல் போனாலும் இதற்கு இடம் ஒதுக்குங்கள். எந்தப் பிள்ளை எந்த நிலை என்று எழுத வேண்டாம். அதைத் தனியாக, தாயிடம் நேரில் சொல்லுங்கள்.

அப்புறம் வாய்ப்பாடு. எங்கள் வீட்டு அப்பாரு பேத்தியைக் கண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லு சாமி." அவள் முழிப்பாள். பள்ளியில் இரண்டும் இரண்டும் இரண்டும் என்று திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்கலுக்குக் கொண்டுவருகிறார்கள். அப்பாரோ, அந்தக் காலத்தில் ஒப்பிக்காதவனை முட்டி போட வைப்பார்கள் என்பார். வேடிக்கை என்னவென்றால், அவரே சாயங்காலம் பட்டிப் படலைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு செம்மறிகளை இரண்டிரண்டாக எண்ணித்தான் உள்ளே விடுவார். பள்ளியில் நடப்பதும் அதேதான். சொல்லியிருந்தால் பேத்தியைப் படலோரம் நிற்க வைத்து எண்ணச் சொல்லியிருப்பார். ஆங்கிலமும் இப்படித்தான். 'பி' என்று சொல்லாமல் 'ப்' என்று ஒலி சொல்கிறாள், டீச்சருக்கே இங்கிலீஷ் தெரியாது போல என்று ஒரு அப்பா சொன்னதைக் காதாரக் கேட்டேன். எழுத்தின் பெயருக்கு முன்னால் ஒலி என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

வீட்டுப்பாடத்துக்கும் ஒரு வரி வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் தராமல் இருப்பது சரிதான். பெற்றோர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, இந்தத் தாளில் ஊர் வாசனை கொஞ்சம் வேண்டும் என்பது என் ஆசை. புத்தகம் சென்னைக்கும் குமரிக்கும் பொது. அது அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல் என்று ஒரு பாடம் வைத்திருப்பதே பிள்ளை தன்னைச் சுற்றிப் பார்ப்பதற்குத்தானே. இந்தப் பருவத்தில் நம் சீமையில் பார்ப்பதற்குக் குறைவே இல்லை. கொடுமுடி, சிவகிரிப் பக்கம் தை மாசியில் மஞ்சள் வெட்டி, வேக வைத்து, களத்தில் காயப் போட்டிருப்பார்கள். விரலி தனி, கிழங்கு தனி என்று பிரிப்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கில் வருகிற வகைப்படுத்தல்தான். ஒரு கூடை மஞ்சளைக் கொட்டிப் பிள்ளைகளைப் பிரிக்க விட்டால் அரை மணி நேரம் சத்தமே வராது. சென்னிமலையில் தறி இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பெட்ஷீட்டில் ஓடும் கோடுகளே அமைப்புப் பாடம்: இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை, இரண்டு சிவப்பு, அடுத்து என்ன? காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் எத்தனை வகைப் புல், எத்தனை வகை முள் என்று பார்க்கலாம். கண்ணபுரத்து மாட்டுச் சந்தை கூடுவதற்குள் பருவம் முடியப் போகிறது, ஆனாலும் மாட்டு நிறத்தில் மயிலைக்கும் செவலைக்கும் காரிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாமல் காங்கயத்துப் பிள்ளை இரண்டாம் வகுப்பு முடித்தால் எனக்கு ஒப்பவில்லை. நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெயரிட்டு, பிரித்து, எண்ணி, விவரித்துச் சொல்லத் தெரிவதுதானே அந்த வயதுப் படிப்பு.

ஒன்று மட்டும் கவனம் வையுங்கள். வெளியே கூட்டிப் போவதென்றால் காலை பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். பங்குனி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் மேட்டுப் பக்கம் போகும் பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடும் தண்ணீரின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

தாளை யார் வாசிப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் உதவி அதிகம் வேண்டும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைக்கிறீர்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டுமானால் அரை நாள் கூலி போகும், சூப்பர்வைசரிடம் பேச்சும் கேட்க வேண்டும். சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், குழு மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் கூட்டத்தில் பல நேரம் நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருப்போம். நானே எல்லா மாதமும் போவதில்லை. அதனால் கூட்டத்தில் சொல்லிவிட்டோம் என்பதோடு விட்டுவிடாதீர்கள். பருவத்துக்கு ஒரு முறையாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். முடியாவிட்டால் தாளை வாசித்து, இரண்டு நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். பகலில் பிள்ளையோடு இருப்பது அப்பத்தாவும் அம்மாயியும்தான், அவர்களில் பலருக்கு வாசிக்க வராது. கேட்டால் புரியும்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருந்துறைப் பள்ளிகளில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். என் மகளோடு சேர்ந்து கொங்குத் தமிழ் பேசுகிறார்கள், "ஏனுங் டீச்சர்" என்று இழுத்துக் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களுக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரியாது. பள்ளியிலிருந்து எது வந்தாலும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காதான் வாசித்துச் சொல்ல வேண்டும். அவள் தனக்குச் சாதகமாகத்தான் சொல்வாள் என்பது வேறு கதை. இந்தப் பருவத்தில் ஹோலிக்கு என்று ஊருக்குப் போனால் இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகிவிடும். திரும்பி வரும்போது வகுப்பு எங்கேயோ போயிருக்கும். எந்த மாதம் எது நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால், இன்ன பாடம் முடிந்ததும் போகலாம் என்று அவர்களால் திட்டமிட முடியாவிட்டாலும், எது விட்டுப்போயிற்று என்று வந்து கேட்கவாவது முடியும். அவர்களுக்கு ஒரு குரல் பதிவை இந்தியில் போட முடியுமா பாருங்கள். கம்பெனியில் இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டால் செய்து தருவார்கள்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. என்ன கற்பிக்கிறீர்கள் என்பதே தெரியாதவருக்கு முன்னேற்றத்தை எப்படிப் புரிய வைப்பீர்கள்? மகளின் முன்னேற்ற அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏ போட்டிருக்குது, நல்லதுதானுங்களே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் எங்களுக்குத் தெரிந்த முன்னேற்றம்.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பள்ளி ஈராசிரியர் பள்ளி. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவருக்கு எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, காலை உணவுக் கணக்கு, மதிய உணவுக் கணக்கு, மீட்டிங். போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று ஊரில் பேசுகிறார்கள், அந்தப் போனுக்குள் அரசாங்கம் எத்தனை செயலியை ஏற்றி வைத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு படிவத்தை உங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை. அதனால்தான் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கையேட்டிலிருந்து வகுப்புக்கு ஒரு பக்கம் என்று, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வட்டார வளமையத்தில் ஒரே முறை எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாப் பள்ளிக்கும் ஆயிற்று. கீழே ஐந்தாறு வரி இடம் விட்டால், அந்த ஊர் ஆசிரியர் மஞ்சளையோ தறியையோ ஆட்டுப் பட்டியையோ சேர்த்து எழுதிக்கொள்வார். 'கற்றல் விளைவுகள்', 'திறன் அடைவு' மாதிரியான சொற்களை மட்டும் கையேட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். எழுதிய தாளைச் சத்துணவு அக்காவிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

இதை எந்தக் கட்டாயத்திலும் செய்யச் சொல்லவில்லை. இந்த மூன்றாம் பருவத்துக்கு, ஒன்றியத்துக்கு ஐந்து பள்ளி முன்வந்தாலே போதும். ஏப்ரலில் பெற்றோரைக் கூப்பிட்டு, தாள் உதவியா, வெறும் காகிதமா என்று கேளுங்கள். வெறும் காகிதம் என்று சொன்னால் நிறுத்திவிடலாம், நானே வந்து சொல்கிறேன்.

எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை ஜெராக்ஸ் செலவு மேலாண்மைக் குழுப் பெற்றோருடையது, பேசி வைத்துவிட்டோம். வீடு வீடாகக் கொடுப்பதும் நாங்களே. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை நடந்தால் முடிந்துவிடும். ஆசிரியர் எழுதித் தர வேண்டியது அந்த ஒரு பக்கம். பொங்கல் லீவுக்கு முன்னால் கிடைத்தால், லீவில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடும்போது அவர்கள் ஊர்ப் பள்ளிக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தனுப்புவோம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
காங்கயம் வட்டாரம்